இன்னொரு சந்தியாகு

என் அறைக் கதவுப் பலகையை
வாசித்து முடிக்க இரண்டு மூச்சு வேண்டும்.
பன்னாட்டு, பயங்கரவாதத் தடுப்பு, கொள்கை, ஒருங்கிணைப்பு.
கைது செய்ய எனக்கு அதிகாரமில்லை,
விடுவிக்கவும் இல்லை.
ஒன்பது நாடுகளின் பட்டியல்கள்
ஒன்றோடொன்று பேசிக்கொள்ள நடுவில் இருக்கிறேன்,
வலையில் முடிச்சு மாதிரி.
மீனும் முடிச்சுக்குச் சொந்தமில்லை, நூலும் இல்லை.

ஆடி மாதம். மண்டபத்தில் இரண்டு நாள் கூட்டம்.
கண்ணாடிக்கு வெளியே தென்கடல்
மணலை வாரி வாரி ஜன்னலில் எறிகிறது.
காலை முழுதும் பதினான்காம் பத்தியில் கழிந்தது.
சந்தேகிக்கப்படும் என்றது ஒரு நாடு.
சந்தேகிக்கத்தக்க என்றது இன்னொன்று.
தலைநகரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு
வறுத்த நகரையில் மறுதுண்டு எடுத்துக்கொண்டது மூன்றாவது.

சிரிக்க எனக்கு உரிமையில்லை.
முன்னொரு மார்கழியில்
இப்படி மூன்று நாள் இழுத்த ஒரு சொல்லால்தான்
ஏதோவொரு துறைமுகத்தில் ஒரு கண்டெய்னரைத் திறந்தார்கள்.
மறுநாள், தொலைவில், ஒரு சந்தையில்
வெங்காயத்துக்குப் பேரம் பேசினார்கள்.
ஒரு குழந்தை ஒற்றைச் செருப்பைத் தொலைத்து அழுதது.
அவ்வளவுதான் நடந்தது.
ஆண்டறிக்கையில் இதை எழுத
கட்டம் கிடையாது.

மதியம் வாசலில் ஒருவர் நின்றார்.
தங்கச்சிமடம், இன்னாசி மகன் சந்தியாகு.
எட்டு வருடம் பஹ்ரைனில் இறால் படகு.
பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட், மீன்துறை அட்டை,
பங்குத்தந்தை கையொப்பமிட்ட ஞானஸ்நானச் சான்று,
மூன்று விமான நிலையங்கள் திருப்பியனுப்பிய சீட்டுகள்.

எத்தனையோ கடல் தாண்டி
காடும் மலையுமான ஒரு தேசத்தில்
இதே புனிதரின் பெயரை வாங்கிய ஒருவன்
ஒரு பாலத்தைத் தகர்த்திருக்கிறான்.
அவன் ஊர் நாக்கில் அது ஒருவிதம்,
வேர்க்காட்டுக் கோயில் மணியடியில் வேறுவிதம்.
கணினி இரண்டையும் ஒத்துப் பார்த்து
எண்பத்தேழு விழுக்காடு என்றது.
மீதிப் பதின்மூன்றில்தான் இவர் நிற்கிறார்,
கச்சான் காற்றில் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி.

"பேரை யாரு எடுக்கணும் மேடம்?"
சேர்த்த நாடு.
"சேர்த்தது எந்த நாடு?"
அதைச் சொல்ல, சேர்த்த நாட்டின் ஒப்புதல் வேண்டும்.
பத்து வருடமாக எழுதிவரும் விதி.
தமிழில் வாய்விட்டுச் சொன்னபோது
என் காதுக்கே கூசியது.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.
அவர் சான்றை உறைக்குள் செருகினார்.
"கோயில் திருவிழா மாசம் பொறந்தா
எங்கூர்ல பாதிப் பயலுகளுக்கு இதான் பேரு.
என் அக்கா மகனுக்கும் இதான்.
ஏஜெண்டுகிட்ட பணம் கட்டியிருக்கான்."
கொஞ்சம் நிறுத்தி,
"அந்த ஆளுக்குப் பிள்ள இருக்கா?
அதுக்கும் இதே பேரா?"
என் கோப்பில் அந்தக் கேள்விக்கு விடையிருந்தது.
சொல்லக்கூடாத பக்கத்தில்.

மாலை பதினான்காம் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன்:
பெயர் ஒத்துப்போவது மட்டுமே போதாது.
சதுர அடைப்புக்குறிக்குள் வைத்தார்கள்.
ஒப்புதல் வராத சொற்கள் அங்கேதான் இருக்கும்,
சில நேரம் மாதக்கணக்கில்,
சில நேரம் கூட்டிய நாங்களே ஓய்வு பெறும்வரை.
ஆறு நாடுகள் தலையசைத்தன.
இரண்டு தண்ணீர் குடித்தன.
நகரை தின்ற நாடு தலைநகரைக் கேட்கப் போனது.

ராத்திரி சென்னை ரயில்.
பரிசோதகர் கைக்கருவியில் விரலால் தேடி
நிமிர்ந்து என் அட்டையைப் பார்த்தார்.
மீனாள் என்ற என்னை
மீனால் என்று ஏற்றியிருந்தார்கள்.
"ஒரு எழுத்துதானே மேடம், படுங்க" என்று
விளக்கை அணைத்துவிட்டு
அடுத்த பெட்டிக்குப் போனார்.